சீரமைப்பும் புதுக்கொள்முதலும்: முக்குளிப்புக் கைக்கடிகாரம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1965இல் தன் முதல் முக்குளிப்புக் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. 150 மீட்டர் ஆழத்துக்கு உறுதி சொன்ன அந்தக் கடிகாரத்தைச் சேகரிப்பாளர்கள் 62மாஸ் என்று அழைக்கிறார்கள். 1966 முதல் ஜப்பானிய அண்டார்டிக் ஆய்வுக் குழுவினர் இதைக் கையில் கட்டியிருந்தனர். 2020இல் அதே நிறுவனம் அதன் சாயலில் எஸ்பிபி143 என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்தது. ஒன்றுக்கு அறுபது வயது, மற்றது ஏறக்குறைய நேற்றுப் பிறந்தது. பழையதைத் தேடிப் பிடித்துச் சீரமைப்பதா, புதியதைக் கடையில் வாங்குவதா என்ற கேள்வி கடிகாரப் பிரியர்களிடையே ஓயாமல் எழுகிறது. அவரவர் ரசனை என்று சொல்லி அதை முடித்துவிடுவது வழக்கம்.

ரசனைக்கு அப்பால் இதில் ஆராய்வதற்கு இடம் இருக்கிறது. பழைய முக்குளிப்புக் கடிகாரம் இரு வேறு மதிப்புகளைத் தாங்கி நிற்கிறது. நீருக்குள் போய்ப் பத்திரமாகத் திரும்பும் தகுதி ஒன்று. அதை நீர்த்தகுதி என்போம். தான் எந்தக் காலத்தில், எப்படி, யாருக்காகச் செய்யப்பட்டது என்று காட்டும் சான்றுமதிப்பு மற்றொன்று. சீரமைப்பு முதலாவதை மீட்கப் புறப்பட்டு இரண்டாவதைத் தின்றுவிடக் கூடும். எந்த அளவில் அது நிகழ்கிறது, எங்கே நிறுத்தினால் நிகழாது என்பதே இக்கட்டுரையின் வினா.

1950களிலிருந்து 1980கள் வரை வந்த மெக்கானிக்கல் கடிகாரங்களே இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சீக்கோ முதன்மைச் சான்று. ரோலக்ஸ், பிளாங்பான் துணைச் சான்றுகள். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கின்றன.

2. முக்குளிப்புக் கடிகாரத்தின் இலக்கணம்

2.1 தோற்றம்

இவ்வகைக் கடிகாரம் இன்று நாம் அறியும் உருவத்தைப் பெற்றது 1953இல். சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனத்தை நடத்திய ழான்-ழாக் ஃபீஷ்தே தாமே முக்குளிப்பவர். பிரெஞ்சுக் கடற்படையின் நீரடிப் படைக்கு ஆள் திரட்டிய மலூபியே, ரிஃபோ என்ற இரு அதிகாரிகளின் தேவையும் அவருடைய முயற்சியும் சந்தித்த இடத்தில் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ பிறந்தது. ஐம்பது ஃபாதம் என்பது சுமார் 91 மீட்டர். அதே காலத்தில் ரோலக்ஸின் ‘சப்மரீனர்’ 100 மீட்டர் உறுதியோடு வந்தது. கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் தடித்த முட்கள், மூழ்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளத் திருகும் வெளிவளையம் ஆகிய மூன்றும் அப்போதே நிலைபெற்றுவிட்டன.

தண்ணீரை எந்தக் கடிகாரமும் நிரந்தரமாகத் தடுக்காது என்பதைச் செய்தவர்களே அறிந்திருந்தார்கள். ராணுவத்துக்கான சில ஃபிஃப்டி ஃபாதம்ஸ் டயல்களில் ஆறு மணிக்கு மேலே ஒரு சிறு வட்டம் இருக்கும். ஈரம் உள்ளே புகுந்தால் அது நிறம் மாறும். கசிவு வரும் என்று எதிர்பார்த்தே அந்த எச்சரிக்கையை வைத்தார்கள்.

1968இல் ஹிரோஷிமா மாவட்டத்தின் குரே நகர முக்குளிப்பாளர் ஒருவர் சீக்கோவுக்கு எழுதிய கடிதமும் அடைப்பைப் பற்றியதே. ஆழ்கடல் அறைகளில் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து நாள்கணக்கில் தங்குபவர்களின் கடிகாரத்துக்குள் அந்த வாயு நுழைந்துவிடுகிறது; மேலே வரும்போது உள்ளிருந்து அழுத்திக் கண்ணாடியைத் தள்ளுகிறது. ரோலக்ஸும் டாக்ஸாவும் ஹீலியத்தை வெளியேற்ற வால்வு வைத்தன. சீக்கோ வேறு வழியில் போனது. ஒரே துண்டில் குடைந்த டைட்டானியம் உடலோடும் எல் வடிவக் கேஸ்கட் என்னும் அடைப்பு வளையத்தோடும் 1975இல் வந்த 600 மீட்டர் கடிகாரம் ஹீலியத்தை உள்ளேயே விடவில்லை.

2.2 தரம்

‘டைவர்ஸ் வாட்ச்’ என்று ஒரு கடிகாரத்தின் முகத்தில் எழுதுவதற்கு இன்று சர்வதேச வரையறை உண்டு. 1982இல் வெளியாகிப் பின்னர் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 6425 தரம், குறைந்தது 100 மீட்டர் தாங்கவேண்டும் என்கிறது. சொல்லப்பட்ட ஆழத்தின் அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாகக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். 40, 5, மீண்டும் 40 டிகிரி வெப்பமுள்ள நீரில் மாறி மாறி அமிழ்த்துகிறார்கள். இருட்டில் 25 செ.மீ. தொலைவிலிருந்து நேரம் தெரியவேண்டும். மாதிரிக்கு ஒன்றிரண்டை எடுத்துச் சோதித்தால் போதாது. ஒவ்வொரு கடிகாரமும் அழுத்தச் சோதனையைக் கடக்கவேண்டும்.

62மாஸ் பிறந்தபோது இந்தத் தரம் இல்லை. அதன் 150 மீட்டர் உறுதி, புதிதாக வெளிவந்த நாளில் நிறுவனம் தந்த சொல். அறுபது ஆண்டுக்குப் பின் அந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை.

3. மூப்பு தங்கும் இடங்கள்

3.1 கேஸ்கட்

பின்மூடி, கண்ணாடி, சாவி ஆகிய மூன்று வாயில்களிலும் ரப்பர் வளையம்தான் காவல். நசுங்கியிருப்பதே அதன் வேலை. ஆண்டுக்கணக்கில் நசுங்கியே கிடந்த ரப்பர் நிமிரும் குணத்தை இழக்கிறது. தட்டையாகி இறுகிச் சில நேரம் தார்போல இளகி ஒட்டிக்கொள்கிறது. 150 மீட்டரில் 30 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடியின் மேல் விழும் சுமை 100 கிலோவைத் தாண்டும். அந்தச் சுமையை இறுகிப்போன ரப்பரின் பொறுப்பில் விடமுடியாது.

ஆனால் கேஸ்கட்டை மாற்றுவதால் எந்தச் சான்றும் அழியாது. காலாவதியாகும் பொருள் என்று கருதியே அதை வைத்தார்கள். விளக்கில் திரி மாற்றுவது போலத்தான் இது.

3.2 எஃகு

துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்வதைக் காப்பது, மேற்பரப்பில் தானே உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடுப் படலம். காற்று படும் இடத்தில் படலம் கீறினாலும் மறுபடி வளர்ந்துவிடும். கேஸ்கட்டுக்கு அடியில் உப்புநீர் தேங்கினால் அங்கே ஆக்சிஜன் போதாது. படலம் வளர வழியில்லாமல் போக, குளோரைடு எஃகைக் குடையத் தொடங்குகிறது. சந்துகளிலும் திருகு மறைகளிலும் வரும் இந்த அரிப்பு வெளியே தெரியாது. அரிப்பை அதிகம் எதிர்க்கும் 904எல் எஃகை ரோலக்ஸ் 1985இல் கையாளத் தொடங்கியதை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும்.

பழைய கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றி, அழுக்கெடுத்து, கேஸ்கட் உட்காரும் பள்ளத்தை லென்ஸில் பார்த்தால் மூப்பு நேரடியாகத் தெரியும். நல்ல பள்ளம் கடைசல் ரேகைகளோடு ஒரே சீராக மின்னும். அரித்த பள்ளத்தில் பழுப்பு விளிம்புள்ள சிறு குழிகள் இருக்கும். ஒரு குழி பள்ளத்தின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை நீண்டிருந்தால், எவ்வளவு புதிய கேஸ்கட் போட்டாலும் அதன் அடியில் தண்ணீருக்கு வழி இருக்கிறது. வாங்குபவர்கள் டயலின் அழகையே பார்க்கிறார்கள். ஆனால் அந்தக் கடிகாரம் இனிக் கடலுக்குப் போகுமா என்பதைச் சொல்வது மூடிக்கு அடியில் உள்ள இந்தப் பள்ளம்தான்.

3.3 ஒளிப்பூச்சு

1950களின் டயல்களில் ரேடியம் இருந்தது. 1960களில் டிரிட்டியம் அதன் இடத்தைப் பிடித்தது. கதிரியக்கம் இல்லாத ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் பூச்சை ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993இல் உருவாக்கியது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு, ஐம்பது ஆண்டில் தொடக்கத்தில் இருந்ததில் சுமார் 6 விழுக்காடுதான் மிஞ்சும். அதனால்தான் அந்தக்கால டயல்கள் இருட்டில் ஊமையாக நிற்கின்றன. ரேடியத்தின் கதை வேறு. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஒளிரும் துத்தநாக சல்பைடு கதிர்பட்டுச் செத்துவிட்டதால் டயல் ஒளிராது. ஆனால் ரேடியம் அப்படியே உயிரோடு இருக்கிறது. இத்தகைய டயலைச் சுரண்டினால் எழும் தூள் மூச்சிலும் வாயிலும் போகும். 1920களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் டயலுக்கு வண்ணம் தீட்டிய பெண் தொழிலாளர்கள் தூரிகையை உதட்டில் கூராக்கி உயிரிழந்த வரலாறு இத்துறைக்கு நிரந்தர எச்சரிக்கை.

3.4 மெஷின்

ஆச்சரியம் தரும் அளவுக்கு மூப்பு குறைவாகத் தெரியும் இடம் இது. தண்ணீர் புகாத வரை எஃகும் பித்தளையும் ரூபிக் கற்களும் நிலைக்கும். எண்ணெய்தான் காய்ந்து பிசினாகிறது. கழற்றி, கழுவி, எண்ணெயிட்டு, ஸ்பிரிங்கை மாற்றினால் நாற்பது ஐம்பது ஆண்டுப் பழைய சீக்கோ மெஷின் மறுபடி ஓடும். கை அசைவில் தானே முறுக்கேற, சீக்கோ 1959இல் அறிமுகப்படுத்திய மேஜிக் லீவர் மிகக் குறைந்த பாகங்களைக் கொண்டது. இந்த நீடித்த உழைப்புக்கு அந்த எளிமையும் ஒரு காரணம்.

4. சீரமைப்பின் படிநிலைகள்

4.1 பேணல்

மெஷின் சர்வீஸ், புதிய கேஸ்கட், சிலிகான் கிரீஸ், அழுக்கு நீக்கம் ஆகியவை முதற்படி. இவை எதையும் அழிப்பதில்லை. முள் நகர்வதையாவது பார்க்க விரும்பும் எவரும் இதைச் செய்தே ஆகவேண்டும். இங்கே விவாதத்துக்கு வேலை இல்லை.

4.2 அடைப்பு மீட்பு

அரித்த பள்ளத்தை லேசர் வெல்டிங்கில் நிரப்பிக் கடைசலில் மறுபடி வெட்டுவது, தேய்ந்த சாவிக் குழாயை மாற்றுவது, கீறிய கண்ணாடிக்குப் புதியது பொருத்துவது ஆகியவை இரண்டாம் படி. ரோலக்ஸில் சாவிக் குழாய் உடலில் திருகப்பட்ட தனிப் பாகம், கழற்றி மாற்றலாம். சீக்கோவின் பல உடல்களில் குழாய் உடலோடு ஒன்றாகவே வந்தது. மறை தேய்ந்துவிட்டால் உடலையே குடைந்துதான் சரிசெய்யவேண்டும். அதற்கான தேர்ந்த கை எல்லா ஊரிலும் கிடைக்காது.

பள்ளமும் மறையும் கண்ணுக்கு மறைவானவை. அங்கே செய்யும் வேலை கடிகாரத்தின் முகத்தை மாற்றுவதில்லை. ஆகவே இந்தப் படியும் ஏற்கத்தக்கதே. செய்ததை எழுதிவைக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. முடிந்ததும் காற்றழுத்தச் சோதனை, பின்னர் ஈரச் சோதனை, அதன்பின் வெப்பத் தட்டில் வைத்துக் கண்ணாடிமேல் குளிர்ந்த நீர்த்துளி விட்டு உட்புறம் பனிக்கிறதா என்று பார்க்கும் சோதனை. மூன்றிலும் தேறினாலும் அது அன்றைய நிலைக்கான சான்றே.

4.3 தோற்றப் புதுக்கம்

மூன்றாம் படியில்தான் சேதம் தொடங்குகிறது. உடலைப் பாலிஷ் போட்டால் கீறல் போகும்; கூடவே உலோகமும் போகும். பட்டை பிடிக்கும் கால்களின் கூர்முனை மழுங்கும், சரிவுகளைப் பிரிக்கும் விளிம்புக்கோடு கரையும். போன எஃகு திரும்பாது. மணல்வீச்சில் எழுத்துத் தேய்ந்த கோயில் கல்வெட்டுச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இதன் இழப்பு புரியும்.

டயலுக்கு மறுவண்ணம் அடிப்பது இதனினும் கொடிது. இதற்கு உலகச் சந்தையில் நம் நாட்டு நகரம் ஒன்றின் பெயரே அடையாளமாகிவிட்டது. மும்பைப் பட்டறைகளில் மறுவண்ணம் பெற்று இணையச் சந்தைக்குப் போகும் பழைய சீக்கோ 5 கடிகாரங்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே கேலியாகக் குறிக்கிறார்கள். நிறுவனம் ஒருநாளும் விற்காத கிளிப்பச்சையும் ஆரஞ்சும் அவற்றில் வரும். லென்ஸில் பார்த்தால் எழுத்து தடித்திருக்கும், விளிம்பில் மை பரவியிருக்கும், தேதிச் சாளரத்தின் ஓரத்தில் வண்ணம் வழிந்திருக்கும். மெஷின் அசலாக இருந்தும் அந்தக் கடிகாரம் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லாது. முக்குளிப்பு மாடல்களுக்கும் போலி டயல், போலி வெளிவளையம், போலி முள் தாராளமாகக் கிடைக்கின்றன. 1976 முதல் 1988 வரை வந்த 6309-7040 மாடலில், பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கலவைகள் ஏராளம்.

4.4 சான்றைப் படிக்கும் முறை

தோற்றத்தைத் தொடாமல் விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ‘அபோகலிப்ஸ் நவ்’ திரைப்படத்தில் மார்ட்டின் ஷீன் கையில் காணப்படும் சீக்கோ 6105-8110 மாடல் 1970இல் வந்தது. தொடக்ககால 6105களில் டயலிலும் பின்மூடியிலும் ‘புரூஃப்’ என்றிருக்கும். 1970களின் தொடக்கத்தில் அது ‘ரெசிஸ்ட்’ என மாறியது. சீக்கோ பின்மூடியின் தொடர் எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். எண் காட்டும் காலமும் டயலின் எழுத்தும் ஒன்றோடொன்று முரண்பட்டால் ஏதோ ஒரு பாகம் பின்னால் மாற்றப்பட்டிருக்கிறது என்று துணியலாம்.

ஒரே இலக்கம் இரு பத்தாண்டுகளுக்குப் பொருந்தும் சிக்கலும் உண்டு. 6309-7040 ஒன்றின் எண் 79 என்று தொடங்கினால் அது 1977 செப்டம்பரா, 1987 செப்டம்பரா? டயலின் அடியோர எழுத்தையும் மற்றப் பாகங்களையும் ஒப்பிட்டே முடிவுக்கு வரமுடியும். ஒப்பிடுவதற்கு அவை அசலாக இருக்கவேண்டும். மறுவண்ணம் அடித்த டயலை வைத்து எந்த முடிவும் சொல்லமுடியாது.

5. இரு மரபுகள்

பழம்பொருளைப் பேணுவதில் உலகம் இரண்டு பெரிய மரபுகளை அறியும். கட்டடப் பாதுகாப்பு வல்லுநர்கள் 1964இல் இயற்றிய வெனிஸ் சாசனம் ஒன்று. அதன் சாரம்: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்கவேண்டும், புதிதாகச் சேர்த்தது எது என்பது தெரியவேண்டும். இங்கே அசல் தன்மை பொருளில் இருக்கிறது.

மற்றொன்று ஜப்பானின் இசே ஆலயம். ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, இடையே சில தடைகளோடு, இருபது ஆண்டுக்கொருமுறை பக்கத்து மனையில் புதிய மரத்தில் அந்த ஆலயத்தை மறுபடி கட்டுகிறார்கள். 2013இல் 62ஆவது முறையாகக் கட்டினார்கள். மரம் புதிது, தச்சர்களின் அறிவும் வடிவமும் பழையவை. இங்கே அசல் தன்மை தொழிலில் இருக்கிறது.

சீரமைப்பை முழுமூச்சாக ஆதரிப்போர் இசேயைத் துணைக்கு அழைக்கலாம்: புதுப்பிப்பதே பேணுவது அல்லவா? இந்த வாதம் கவனத்துக்குரியது. ஆனால் அது அவர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. இசேயில் பழைய கட்டடத்துக்கு வண்ணம் அடித்துப் புதியது என்று காட்டுவதில்லை. பழையதை விட்டுவிட்டு, அதே பரம்பரைக் கைகள் புதிதாகச் செய்கின்றன. கடிகாரத்தில் அதற்கு இணையானது எது? 62மாஸின் வடிவை எடுத்து அதே நிறுவனம் 2017இல் 2,000 எண்ணிக்கையோடு வெளியிட்ட எஸ்எல்ஏ017, அதற்குப் பிறகு வந்த எஸ்பிபி143 ஆகியவைதான். அவை அச்சு அசலான நகல்கள் அல்ல. உள்ளே ஓடும் மெஷின் வேறு, கண்ணாடி வேறு. ஆயினும் வடிவைச் சுமந்துவந்த பரம்பரை அவற்றில் தொடர்கிறது.

ஆக, பழையதைப் பழையதாக வைத்துப் பேணுவது வெனிஸ் வழி. புதிதாக வாங்குவது இசே வழி. இரண்டுக்கும் அறிவார்ந்த அடிப்படை உண்டு. பழையதைப் புதியதுபோல் ஆக்கும் தோற்றப் புதுக்கம் மட்டும் இரண்டிலும் சேராமல் நிற்கிறது. அதில் பொருளும் அசலாக இல்லை, தொழிலும் அசலாக இல்லை.

6. புதியது தருவதும் தராததும்

எஸ்பிபி143இல் 40.5 மி.மீ. உடல், 200 மீட்டர் நீர்த்தகுதி, 70 மணி நேரம் தாங்கும் 6ஆர்35 மெஷின், எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி ஆகியவை உண்டு. பாகங்கள் கிடைக்கும், உத்தரவாதம் உண்டு, ஒளிப்பூச்சு இருட்டில் தெரியும்.

நேரத் துல்லியத்துக்காகப் புதியதை வாங்குகிறேன் என்பவர் ஏமாறுவார். 6ஆர்35 மெஷினுக்கு நிறுவனம் சொல்லும் எல்லை நாளொன்றுக்கு 15 விநாடி பிந்துதல் முதல் 25 விநாடி முந்துதல் வரை. நன்றாகச் சர்வீஸ் செய்த பழைய மெஷினும் அந்த எல்லைக்குள் நடக்கும். உயிர்காப்புக் கருவி என்ற வாதமும் இன்று வலுவிழந்துவிட்டது. முக்குளிப்போர் ஆழத்தையும் நேரத்தையும் டைவ் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள், கைக்கடிகாரம் மாற்று ஏற்பாடு மட்டுமே. புதியதன் உண்மையான ஆதாயம் ஒன்றுதான்: அதன் பள்ளங்கள் இன்னும் அரிக்கவில்லை.

அதுவும் நிலையானதல்ல. கடலில் பயன்படுத்தி நன்னீரில் அலசாமல், கேஸ்கட் மாற்றாமல் விட்டால் புதியதும் மூன்றாம் பகுதியில் கண்ட அதே நோய்க்கு ஆளாகும்.

7. செலவுக் கணக்கு

சீரமைப்பில் வாங்கும் விலை முதல் தவணை மட்டுமே. சர்வீஸ், கேஸ்கட், கண்ணாடி, சாவி, வெல்டிங் என ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு உண்டு. அசல் பாகம் தேடும் காத்திருப்பும் சேரும். நீரில் இறங்குவதானால் ஆண்டுதோறும் அழுத்தச் சோதனை வேண்டும். பட்டறை வாசலில் பலரும் கேட்காமல் விடும் கேள்வி: இந்தச் செலவு கடிகாரத்தின் விலையைக் கூட்டுகிறதா? மெஷினுக்கும் அடைப்புக்கும் செய்தது விலையைக் காக்கும். டயலுக்கும் உடலின் விளிம்புக்கும் செய்தது விலையைக் குறைக்கும். காசு கொடுத்து மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் விந்தை இத்துறையில் அன்றாடம் நடக்கிறது.

பெருமளவில் தயாரான 6309 போன்ற மாடலும் அரிய 62மாஸும் இக்கணக்கில் ஒன்றல்ல. ஏற்கெனவே கலவையாகிவிட்ட 6309இல் காக்கச் சான்று ஏதும் மிச்சமில்லை என்றால், உரிமையாளர் விரும்பியபடி மாற்றிக்கொள்வதில் அறிவுக்கு இழப்பில்லை. விற்கும்போது அதைச் சொல்லிவிடுவதே நேர்மை.

8. முடிவுகள்

(அ) நீர்த்தகுதியும் சான்றுமதிப்பும் வெவ்வேறு பாகங்களில் தங்குகின்றன. முன்னது கேஸ்கட்டிலும் பள்ளத்திலும் மறையிலும். பின்னது டயலிலும் முள்ளிலும் உடலின் விளிம்பிலும். எனவே மறைவிடத்தைத் திருத்தி முகத்தை விட்டுவிடும் சீரமைப்பு இயலக்கூடியது.

(ஆ) வாங்குமுன் பின்மூடியைத் திறந்து பள்ளத்தைப் பார்க்கவேண்டும். திறக்க மறுக்கும் விற்பனையாளரிடம் நீர்த்தகுதிக்கென்று ஒரு காசும் கூடுதலாகத் தரவேண்டியதில்லை.

(இ) ரேடியம் டயல் உள்ளதை வீட்டில் திறக்கக் கூடாது. மறுபூச்சுக்காகச் சுரண்டவும் கூடாது.

(ஈ) கடலில் இறங்க ஒரு கடிகாரம் வேண்டும் என்பவர் புதியதை வாங்குவதே முறை. சோதனையில் தேறிய பழைய கடிகாரத்தைக் குளத்திலோ கரையோரத்திலோ பயன்படுத்தலாம். அதன் முகத்தில் எழுதிய 150 மீட்டரை நம்பி இறங்கக் கூடாது.

(உ) பழையதை விரும்புபவர் பேணலோடும் அடைப்பு மீட்போடும் நிற்கவேண்டும். கீறலையும் மங்கலையும் சகிக்க முடியாதவர் உண்மையில் விரும்புவது புதிய கடிகாரத்தை. அது கடையில் கிடைக்கிறது, அதற்காக ஒரு பழைய கடிகாரத்தைப் பலியிடத் தேவையில்லை.